ஊர்க்காவல்

மக்கள் கூடி வாழும் இடம் யாதாயினும் அதற்குக் காவல் இன்றியமையாதது. வயலுக்கு வேலியும் குளத்துக்குக் கரையும் எவ்வாறோ, ஊருக்குக் காவலும் அவ்வாறே. ஆயின் வேலியே பயிரை மேயும் காலமும் உண்டு என்பது நம் முன்னோர் கண்டறிந்த உண்மை. நம் தமிழகத்துச் சிற்றூர்களில் காவல் எவ்வாறு அமைந்திருந்தது, எவ்வாறு பழுதுற்றது, அவ்வரலாற்றினின்று நாம் அறியற்பாலது யாது என்பவற்றைச் சுருங்க ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய இலக்கியங்களுள் ஊர்க்காவலரை நம் கண்முன் நிறுத்துவது மதுரைக்காஞ்சி. நிலத்தை அகழும் உளியும் நூலேணியும் கொண்டு இருளில் திரியும் கள்வரையும், அவர் ஒடுங்கிய இடத்தை ஒற்றறிந்து பற்றும் காவலரையும் மாங்குடி மருதனார் அந்நூலிற் காட்டுகின்றார். மழை பெய்து தெருவில் நீர் ஓடும் நள்ளிரவிலும் அக்காவலர் சோர்ந்திலர். அவர்தம் உறங்காமையையும் அஞ்சாமையையும் மட்டும் புலவர் புகழ்ந்தாரல்லர். நூல்நெறி பிழையாத நுண்ணிய தேர்ச்சி உடையர் என்பதையும் உடன் கூறினார். காவலர்க்கு வலிமையோடு கல்வியும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, அதே மதுரையில் நிகழ்ந்ததாக இளங்கோவடிகள் பாடிய மற்றொரு காட்சியை நோக்குவோம். கோவலனைக் கண்ட காவலர், இவன் தோற்றம் கள்வன் தோற்றமன்று என்று முதலில் தயங்கினர். பொற்கொல்லனோ, கள்வர்க்கு மந்திரம், தெய்வம், மருந்து முதலிய எட்டுத் துணைகள் உண்டெனக் களவுநூல் பேசி அவர்தம் ஐயத்தைக் கிளறினான். காவலருள் ஒருவன், முன்னொரு மழையிரவில் தன் வாளைப் பறித்து மறைந்த கள்வனைப் பற்றி உரைத்தான். அவ்வளவில், கல்வியறிவில்லாத களிமகன் ஒருவன் வாளை எறிந்தான், கோவலன் மாய்ந்தான். வினவுவார் எவரும் இலர். கோவலன் அந்நகர்க்குப் புதியவன். அவனை அறிந்து சான்று கூற வல்ல மாதரியும் ஆயரும் நகர்ப்புறத்தே இருந்தனர். கற்ற காவலர் கள்வனைப் பற்றினர். கல்லாக் காவலன் நிரபராதியைக் கொன்றான். இவ்விரண்டு காட்சிகளையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு, ஆளை அறியாமலும் செயலை ஆராயாமலும் செய்யும் காவல் கொடுமையாய் முடியும் என்பது விளங்கும்.

சோழர் காலத்துக் கல்வெட்டுக்களிற் பாடிகாவல் என்னும் சொல் பயில வழங்குகின்றது. பாடியாவது ஊர், அதனைக் காத்தல் பாடிகாவல். அதன்பொருட்டு ஊரார் செலுத்திய வரிக்கும் அதுவே பெயராயிற்று. முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் (919, 921) குடவோலை முறையை விரித்துரைக்கும்போது, பிறர்பொருளைக் கவர்ந்தவன் ஊர்ச்சபைக்குத் தகான் என்று விலக்குகின்றன. ஊரை ஆள்வோர் தாமே தூயராயிருத்தல் காவலின் முதற்படி என்று அவ்வூரார் கருதினர் போலும். பிற்காலத்தே புதுக்கோட்டைப் பகுதியில், ஊரவர் தம் பாடிகாவல் உரிமையை அரையர்களிடம் ஒப்புவித்த செய்திகளையும் கல்வெட்டுக்களிற் காண்கிறோம்.

பாளையக்காரர் காலத்தில் காவல் இருவகைப்பட்டது. ஓரூரைக் காப்பது தலகாவல். பல ஊர்களையும் அவற்றினிடையேயுள்ள வழிகளையும் காப்பது தேசகாவல். தென்பாண்டி நாட்டில் மறவரும், மதுரைப் பகுதியிற் கள்ளரும் இப்பணியைப் பரம்பரையாகச் செய்துவந்தனர். விளைவில் ஒரு பங்கு அவர்க்குக் கூலி. களவு போயின் காவற்காரன் பொருளை மீட்டுத்தரல் வேண்டும். இயலாதாயின் அதற்கு ஈடு தரல் வேண்டும். இப்பொறுப்பே அம்முறையின் உயிர்நிலை என்க. காவற்காரன் ஊரை அறிந்தவன். ஊராரும் அவனை அறிந்தவர். இழப்பு நேரின் அவன் கையும் சுடும்.

நிற்க. 1801-ஆம் ஆண்டிற்குப் பின்னர்க் கம்பெனியார் பாளையங்களை அடக்கித் தேசகாவல் வருவாயையும் தம்வயப்படுத்தினர். 1816-இல் ஊர்த்தலைவரும் தலையாரியும் சிற்றூர்க் காவலுக்குப் பொறுப்பாக்கப்பட்டனர். 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சீருடையணிந்த போலீஸ் படை சென்னை மாகாணத்தில் அமைந்தது. ஆயினும் போலீஸ் நிலையமோ தொலைவிலிருந்தது. அங்குள்ளோரோ பெரும்பாலும் வேற்றூரார். ஆதலால் பழைய காவற்காரரை நம்புவதன்றிக் குடியானவர்க்கு வேறு வழியில்லை. இதற்கிடையே, முற்காலத்து உரிமை போய்ச் சட்டத்தின் தாங்கலும் போனமையால், அக்காவலும் பல ஊர்களில் நெறி தவறிற்று. கூலி கொடாதவன் தொழுவத்து மாடு மறைந்தது. துப்புக்கூலி கொடுத்த பின் குறித்த இடத்திற் கட்டப்பட்டிருந்தது. காவலும் களவும் ஒரு கையின் இரு பக்கங்களாயின.

1896-இல் திண்டுக்கல் பகுதிக் குடியானவர் இதனை எதிர்த்தெழுந்தனர். பண்டு என்னும் பொதுநிதி திரட்டித் தாமே காவலரை அமர்த்தினர்; மாடு இழந்தவனுக்கு அந்நிதியினின்று ஈடு தந்தனர். ஊரார் ஒன்றுபட்டுத் தம் பொருளைத் தாமே காக்க முன்வந்தது போற்றற்குரியதே. ஆனால் அவ்வெழுச்சி விரைவிலே வெறுப்பாய் மாறியது. காவலை விலக்கியதோடு அமையாது, குற்றம் செய்தார் செய்யார் என்னும் வேறுபாடின்றி ஒரு சாதியார் குடியிருப்புக்களைத் தீக்கிரையாக்கினர். தீயசெயலை விலக்கப் புகுந்த இயக்கம் தானே தீயசெயலாயிற்று.

அரசாங்கமும் அவ்வழியே சென்றது. குற்றப்பரம்பரைச் சட்டம் 1871-இல் வடநாட்டில் தோன்றி, 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. ஒரு குலத்திற் பிறந்ததே குற்றமெனக் கொண்டு, ஆடவர் கைரேகை பதியப்பெற்று, இரவில் குறித்த இடத்தில் தங்குமாறு பணிக்கப்பட்டனர். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் பெருங்காமநல்லூர்க் கள்ளர் இதற்கு உடன்படாது நின்றபோது, துப்பாக்கி சுட்டதிற் பலர் உயிர் துறந்தனர். சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுதும் 1952-இலும் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஆளைப் பாராது குலத்தைப் பார்த்த அச்சட்டத்திற்கும், ஆராயாது வாளெறிந்த அக்களிமகனுக்கும் வேற்றுமை யாது?

இனி இக்காலத்தை நோக்குவோம். பரம்பரை ஊரதிகாரிகளின் பதவிகள் 1980-இல் ஒழிந்தன. தலையாரி கிராம உதவியாளராயினர். இன்று சிற்றூர்களை அலைக்கழிப்பன பெரும்பாலும் பெருங்கொள்ளைகளல்ல. குடித்துவிட்டு வீதியிற் கூச்சலிடுதல், சூதாடுதல், பள்ளிக்குச் செல்லும் பெண்களை வழிமறித்தல், ஆற்றுமணலை அள்ளுதல், ஆடு திருடுதல், பொதுக் கிணற்றையும் விளக்கையும் பாழாக்குதல் இன்னோரன்னவே. இவை சிறியன என்று விடப்படுவதாற் பெரியனவாகின்றன. அமைதியைக் குலைப்போரிடம் நன்னடத்தைக்குப் பிணை பெறும் வழி 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலை முதல் அதற்கீடாக நடைமுறையிலுள்ள பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இருக்கின்றது. குற்றம் முற்றுமுன் தடுக்கும் நல்ல கருவி அது. ஆயின் ஊரை அறியாத அதிகாரி அதனைக் கையாண்டால், பழைய பட்டியலிலுள்ள ஏழைகளே மீண்டும் மீண்டும் அகப்படுவர்.

ஊராரைக் காவலோடு இணைக்கும் முயற்சியும் நம் நாட்டில் நிகழ்ந்துள்ளது. காவலர் நண்பர் குழு 1993-இல் இராமநாதபுரத்தில் தொடங்கப்பெற்றது. 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்த பின்னர், அவ்வியக்கத்தாரைக் காவற்பணியில் ஈடுபடுத்துதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டது. நோக்கம் நன்றாயினும், ஆராய்வும் பொறுப்பும் இல்லாதவழி நண்பர் என்னும் பெயர் மட்டும் யாரையும் காவாது என்பது இதனால் விளங்கும்.

ஆகவே நல்ல ஊர்க்காவலுக்கு மூன்று இன்றியமையாதன. முதலாவது, அறிமுகம். காவலர் குற்றம் நிகழ்ந்த பின் ஊர்திமேல் வந்து போகாது, அமைதியான நாட்களிலும் தெருவில் நடந்து, மக்களைப் பெயர் சொல்லி அறிந்திருத்தல் வேண்டும். சேரியும் அவர் நடக்கும் தெருக்களுள் ஒன்றாதல் வேண்டும். இரண்டாவது, பொறுப்பு. இழப்புக்கு ஈடு தந்த பழைய காவற்காரன்போல், இன்றைய காவலரும் கிராமசபையில் ஊரார் கேட்கும் வினாக்களுக்கு விடை தரல் வேண்டும். மூன்றாவது, நடுவுநிலை. செயலை மட்டும் நோக்குக; குலத்தையும் தெருவையும் நோக்கற்க.

இவையெல்லாம் அரசாங்கத்தார் கடமை என்று நாம் வாளாவிருத்தல் தகாது. தன் சகோதரனைக் காத்தல் தன் வேலையன்று என நழுவப் பார்த்த காயீனின் கதையை நாம் அறிவோம். எரிகோ வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிச் சென்ற இருவர் திருடரல்லர். நல்லோர் எனப் பெயர் பெற்றவரே. அவனுக்கு அயலானாய் நின்றவனோ பிறரால் இகழப்பட்ட குலத்தவன். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவராகிய நம்முள் எத்துணைப்பேர், நம் தெருவில் ஒரு பெண் இழிவுபடுத்தப்படும்போது வாய்திறந்து கண்டிக்கின்றோம்? களவு நிகழ்ந்ததும் சேரிப்பக்கம் நீளும் விரலை, பொறுங்கள், ஆராய்வோம் என்று சொல்லித் தடுப்பவர் எத்தனை பேர்? கற்றவர் ஒருவர் அவ்விடத்தில் நின்று அவ்வொரு சொல்லைச் சொல்லியிருந்தால், கோவலன் பிழைத்திருப்பான். அச்சொல்லைச் சொல்லும் துணிவே நாம் நம் ஊருக்குச் செய்யத்தக்க முதற்காவலாம்.