உணவுக் கடைக்கு ஊரை அழைப்பது எப்படி?

தோட்ட வருமானத்தோடு தங்கள் கைமணத்தையும் நம்பிச் சாலையோரத்தில் தோசைக் கடையோ நாசி லெமாக் கடையோ போட விரும்பும் குடும்பங்கள் பல. முதலைப் போட்ட பின் ஆள் வராவிட்டால் என்ன செய்வது என்னும் அச்சமே அவர்களைத் தயங்க வைக்கிறது. கைத்தொலைபேசி வழியாக ஆள் சேர்க்கும் முறையை இம்மாதம் ஆராய்வோம்.

2008-ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ‘கோகி’ என்னும் உணவு வண்டி ஓடத் தொடங்கியது. கொரிய முறையில் சுட்ட இறைச்சியை மெக்சிகோ நாட்டு ரொட்டியில் மடித்துத் தந்தார், அதன் சமையற்கலைஞர் ராய் சோய். வண்டியோ இடம் மாறிக்கொண்டே இருந்தது. ஆகவே, எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு நிற்கும் என்பதை டுவிட்டரில் (இன்று அதன் பெயர் எக்ஸ்) அறிவித்தனர். செய்தியைக் கண்டவர்கள் தேடிச் சென்று வரிசையில் நின்றனர். புகழுரையைவிட இடமும் நேரமுமே அங்கு வேலை செய்தன.

நமது கடை நகர்வதில்லையே எனலாம். கடை நகராவிடினும் பண்டம் நாள்தோறும் மாறுகிறதல்லவா? ‘இன்று கோழிக் குழம்பு, மாலை 5 மணி முதல், கோயிலுக்கு எதிரே, விலை இவ்வளவு’ என்று முகநூலிலும் புலனக் குழுவிலும் தமிழிலும் மலாயிலும் எழுதுக. தீர்ந்துவிட்டால் அதையும் உடனே அறிவித்துவிட வேண்டும். பட்டணத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து வெறுங்கையுடன் திரும்பியவர் மறுமுறை வருவது அரிது. படத்தைக் குழல்விளக்கின் கீழ் எடுக்காமல், பகல் வெளிச்சத்தில் எடுத்தால் குழம்பின் நிறம் கெடாது. பிறர் கடைப் படத்தைப் போடுவது ஏமாற்று வேலை. கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்யக் கட்டணமில்லை. தோட்டத்துச் செம்மண் பாதையை அறியாதவருக்கு அதுவே வழிகாட்டி.

விளம்பரத்தில் ‘ஹலால்’ என்று எழுதுமுன் நிதானிக்கவும். 2011-ஆம் ஆண்டு ஆணைகளின்படி, ஜாக்கிம் அல்லது மாநில இஸ்லாமிய சமய மன்றத்தின் சான்றிதழின்றி அவ்வாறு விளம்பரப்படுத்துவது குற்றமாகும். உணவைக் கையாளுவோர் பயிற்சியும் தடுப்பூசியும் பெற்றிருக்க வேண்டும் என்கின்றன 2009-ஆம் ஆண்டு உணவுத் துப்புரவு விதிகள்.

பணம் செலுத்திவிட்டதாகக் கூறி ரசீதுப் படம் அனுப்புவோரும் உண்டு. அத்தகைய படத்தைப் போலியாக உருவாக்குவது எளிது. ஆதலால், கணக்கில் பணம் சேர்ந்ததைக் கண்ணால் கண்ட பிறகே பொட்டலத்தைக் கொடுக்க வேண்டும்.