ஒரு சுவர்தானே!

கோலாலம்பூரின் கட்டட விதிகள் வேலையில்லாத அதிகாரிகள் எழுதி வைத்தவை என்று நினைப்பவர்கள், 1881ஆம் ஆண்டைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். அந்த ஆண்டு ஜனவரியில் தீ ஊரைத் தின்றது. டிசம்பரில் வெள்ளம் வந்து மிச்சத்தைக் கரைத்தது. அத்தாப்புக் கூரையும் பலகையும் மண்சுவருமாக இருந்த ஊர் அது. மறு ஆண்டு சிலாங்கூர் ரெசிடெண்டாக வந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹாம், இனி செங்கல்லும் ஓடும் கொண்டுதான் கட்ட வேண்டும் என்றார். கப்பித்தான் யாப் ஆ லோய் சூளை போட்டார். சூளைகள் புகைந்த அந்த இடம்தான் இன்று நாம் பூ வாங்கவும் வாழையிலைச் சாப்பாட்டுக்கும் போகிற பிரிக்ஃபீல்ட்ஸ்.

அந்தக் கோலாலம்பூர் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில்தான் இன்று தீபாவளிக்கு மூன்று மாதம் இருக்கும்போது வீட்டுக்கு வீடு சுத்தியல் சத்தம் கேட்கிறது. ஆலோசனைக்கும் குறைவில்லை. மைத்துனர் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், யூடியூப் சொல்லும். 2005இல் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் முதல் கடையைத் திறந்த மிஸ்டர் டிஐஒய் இப்போது ஏறக்குறைய எல்லாத் தாமானுக்கும் பக்கத்தில் இருக்கிறது. கருவிகள் மலிந்தது நல்லதுதான். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற விவரத்தைத்தான் யாரும் பெட்டியில் போட்டுத் தருவதில்லை.

“தூண் இருக்கிறது, பீம் இருக்கிறது. ஒரு சுவர்தானே, உடைத்தால் என்ன?”

சில வீடுகளில் ஒன்றும் ஆகாது. ஆபத்தே அங்கேதான் தொடங்குகிறது. கடந்த சில பத்தாண்டுகளில் கட்டப்பட்ட வரிசை வீடுகளில் பெரும்பாலும் எடையைத் தாங்குவது கான்கிரீட் தூணும் பீமும்தான். நடுவில் இருக்கும் செங்கல் சுவர் அறையைப் பிரிக்கிறது, அவ்வளவே. அண்ணன் வீட்டில் கூடத்துச் சுவரை எடுத்தார்கள், வீடு அசையவில்லை; தம்பி வீட்டிலும் எடுக்கலாம் என்ற முடிவு இப்படித்தான் பிறக்கிறது.

தம்பியின் வீடு போருக்கு முந்திய கடைவீடாக இருந்தால் கதை வேறு. அங்கே செங்கல் சுவரே எடை தாங்குகிறது. மாடித் தளத்தின் மர உத்திரங்களின் முனைகள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில்தான் செருகப்பட்டிருக்கும். அந்தச் சுவரில் கை வைத்தால் ஆட்டம் காண்பது பக்கத்து வீடும்தான். புதிய அடுக்குமாடி என்றால் அது மூன்றாவது வகை. அலுமினிய அச்சு வைத்து, சுவரையே கம்பி கட்டிக் கான்கிரீட்டாக வார்த்திருப்பார்கள். அங்கே ஒயர் பதிக்கக் காடி வெட்டினாலே கம்பி அறுபடக்கூடும். பூச்சும் சாயமும் அடித்த பிறகு மூன்றும் பார்வைக்கு ஒன்றுதான். தட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவேன் என்கிறவரை நம்பாதீர்கள். ஊராட்சி மன்றத்தில் அங்கீகாரம் பெற்ற மூல வரைபடத்தைத் தேடி எடுத்து, பொறியாளர் ஒருவரிடம் காட்டுவது ஒன்றே வழி. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் வீட்டில் இப்படிப்பட்ட மாற்றங்களுக்கு முன் அனுமதி கேட்பதும் இதனால்தான். பொதுச்சுவர் குறைந்தது 200 மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும் என்று கட்டட விதிகள் சொல்கின்றன. அலமாரி பதிக்கிறேன் என்று அதைப் பாதியாகச் செதுக்குகிறவர்கள் அண்டை வீட்டாரின் பாதுகாப்பையும் சேர்த்துத்தான் செதுக்குகிறார்கள்.

“பின்பக்கம் சமையலறையை நீட்டுவது சின்ன வேலை.”

கிள்ளானில் இது சின்ன வேலை அல்ல. கிள்ளான் களிமண் என்றால் மண்ணியல் பொறியாளர்களுக்கு நன்றாகவே தெரியும். காப்பார் பக்கமும் துறைமுகத்துப் பக்கமும் பல மீட்டர் ஆழத்துக்கு மிருதுவான கடல் களிமண் கிடக்கிறது. அத்தகைய இடத்தில் மேம்பாட்டாளர் கட்டிய மூல வீடு, ஆழத்தில் இறக்கிய பைலிங் மேல் நிற்கும். நாம் பிறகு ஒட்டவைக்கும் சமையலறையோ இரண்டு மூன்று அடி தோண்டிப் போட்ட அடித்தளத்தில் உட்காரும். மூல வீடு நின்ற இடத்தில் நிற்க, புதிய பகுதி ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது. இரண்டையும் கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தால், இறங்குகிற பகுதி நிற்கிற பகுதியையும் இழுக்கும்.

அதன் அடையாளம் எல்லாருக்கும் பழக்கமானது. பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல், மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் இருக்கும். மழை பெய்தால் அந்தச் சேர்க்கையில்தான் ஒழுகும். ஒவ்வொரு தீபாவளிக்கும் சிலிகான் வைத்து அடைத்துச் சாயம் பூசுவார்கள். அடுத்த தீபாவளிக்குள் அது மறுபடியும் வாய் திறந்திருக்கும்.

வெள்ளத்துக்குப் பயந்து தரையை உயர்த்துகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓர் அடி உயரத்துக்கு மண் கொட்டினால், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ அரை டன் எடை கூடுகிறது. களிமண் அதற்கும் சேர்த்து இறங்கும். விவரம் தெரிந்த குத்தகையாளர் புதிய பகுதிக்குத் தனித் தூண், தனி அடித்தளம் போடுவார். மூல வீட்டோடு கட்டாமல் இடையில் ஒரு சந்து விட்டு, அதைத் தகடு வைத்து மூடுவார். செலவு அதிகம்தான், ஆனால் சிலிகான் செலவு மிச்சம்.

இதே இடத்தில் இன்னொரு தவறும் நடக்கிறது. பின்கட்டில் கழிவுநீர்க் குழாயின் ஆய்வுக்குழி, நாம் மேன்ஹோல் என்பது, இருக்கும். டைல்ஸ் அழகாக வர வேண்டும் என்று அதன்மேல் தளம் போட்டு மூடிவிடுகிறார்கள். வீட்டு எல்லைக்குள் இருக்கும் குழாய் வீட்டுக்காரர் பொறுப்பு. அடைத்துக்கொண்டால் இண்டா வாட்டரைக் குறை சொல்ல முடியாது. புது டைல்ஸைத்தான் உடைக்க வேண்டும்.

“இரண்டு ஒயரை இணைக்க எதற்கு ஆள்?”

குளியலறைச் சுடுநீர்க் கருவி 3.6 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 15.6 ஆம்பியர் இழுக்கும். நம் வீட்டுப் பிளக் 13 ஆம்பியருக்கானது. பக்கத்துப் பிளக்கிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தால் முதல் நாள் சுடுநீர் வரும், சில மாதங்களில் சுவருக்குள் ஒயரின் தோல் உருகும். அதற்குத் தனிச் சுற்றும் தடித்த ஒயரும் வேண்டும். 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள், ஈரத்தரை உள்ள இடத்துக்கு 10 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வேண்டும் என்கின்றன. கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவிகளுக்கு 30. பழைய வீடுகள் சிலவற்றில் வீடு முழுவதற்கும் 100 மில்லியாம்பியர் கருவி ஒன்றுதான் இருக்கும். ஈரக்காலோடு நிற்கிறவரைக் காப்பாற்ற அது போதாது.

எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேன் வேலையை முடித்ததும் மேற்பார்வைக்கு ஜி படிவமும் சோதனைக்கு எச் படிவமும் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். கேட்டதும் முகம் சுளிக்கிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

“பழைய கூரைத் தகட்டை நாமே உடைத்து இறக்கிவிடலாம்.”

பழைய மலிவுவிலை வீடுகளின் சாம்பல்நிற நெளிதகடு அஸ்பெஸ்டாஸ் சிமெண்டாக இருக்க வாய்ப்பு அதிகம். சும்மா கிடக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. உடைத்தாலும் அறுத்தாலும் துளையிட்டாலும் கண்ணுக்குத் தெரியாத நார்கள் பறக்கும். நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய்க்கு அவை காரணம். நோய் தெரியவே இருபது முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம் என்பதால், “நான் உடைத்தேனே, எனக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்ற சாட்சியத்துக்கு மதிப்பில்லை. முகமூடி போட்டு, நனைத்து, முழுத் தகடாகக் கழற்றி, மூடிக் கட்டி அப்புறப்படுத்தத் தெரிந்தவர்களிடம் விடுங்கள். பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது.

“அடுக்குமாடியில் என் குளியலறை, என் இஷ்டம்.”

டைல்ஸுக்கு அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சைக் குத்திவிட்டால் கீழ்வீட்டுக் கூரையில் மஞ்சள் வட்டம் விழும். 2015ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாக விதிமுறைகளின்படி, புகார் வந்த 7 நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும். குறை மேல்வீட்டில் என்றே முதலில் எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது மேல்வீட்டுக்காரர் பாடு. சீரமைப்புக்கு நிர்வாகத்தின் எழுத்து அனுமதியும் வேண்டும். புது வீடு என்றால் இன்னும் பொறுமை தேவை. சாவி வாங்கியதிலிருந்து 24 மாதம் குறைகளை மேம்பாட்டாளர் சரிசெய்து தர வேண்டும். நாமே உடைத்து மாற்றிய இடத்துக்கு அவர் பொறுப்பேற்கப் போவதில்லை.

“ஆள் அனுபவசாலி, 30 வருஷமா இந்த வேலைதான்.”

இதுதான் எல்லாவற்றிலும் நாசூக்கான நம்பிக்கை, ஏனென்றால் பாதி உண்மை. அனுபவம் வேண்டும், ஆனால் எந்த வேலையில் அனுபவம் என்று யாரும் கேட்பதில்லை. 1993 டிசம்பர் 11 அன்று ஹைலண்ட் டவர்ஸின் 12 மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து 48 பேர் இறந்தார்கள். 2000ஆம் ஆண்டு உயர்நீதிமன்றத் தீர்ப்பைப் படித்தால் இரண்டு செய்திகள் உறுத்தும். மலைச்சரிவின் வடிகாலும் தாங்குசுவர்களும் சரியில்லை. கட்டடக்கலைஞர் இடத்தில் இருந்தவரோ தகுதிபெற்ற கட்டடக்கலைஞரே அல்ல, கட்டட வரைவாளர். நம் சமையலறை ஹைலண்ட் டவர்ஸ் இல்லை. ஆனால் தண்ணீர் எங்கே போகும், யார் கையெழுத்திடுகிறார் என்ற இரண்டு கேள்விகளும் ஐந்துக்குப் பத்து அடி நீட்டிப்புக்கும் பொருந்தும்.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். நாமே செய்வதா, ஆள் வைப்பதா என்று வாதாடுவது வீண். தவறு நேர்ந்தால் பெயர் சொல்லிக் கேட்க ஓர் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். சாயம் பூசுவது, குழாய் வாஷர் மாற்றுவது, கதவுக் கீல் சரிசெய்வது, அலமாரி பூட்டுவது எல்லாம் தாராளமாக நாமே செய்யலாம். கெட்டுப்போனால் நட்டம் நமக்கு மட்டும். எடை, மின்சாரம், தண்ணீர் சம்பந்தப்பட்டால் நட்டம் பிறருக்கும் போகிறது. அதற்குப் பொறுப்பேற்கும் கையெழுத்து வேண்டும்.

“நம்ம ஆள்தான், எழுத்து எதற்கு?”

பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டு, சுவரை மட்டும் இடித்துவிட்டுக் காணாமல் போனவர்களும் யாருக்கோ “நம்ம ஆள்”தான். சிஐடிபி என்று நாம் சொல்லும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதியாமல் குத்தகையாளர் வேலை எடுக்கக்கூடாது. 1994ஆம் ஆண்டின் 520ஆவது சட்டம் அதைத்தான் சொல்கிறது. புதுப்பித்தலும் நீட்டிப்பும் அதில் அடங்கும். ஜி1 முதல் ஜி7 வரை தரம் உண்டு. வாரியத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடினால் தெரிந்துவிடும். பதிவு இருப்பதால் மட்டும் ஒருவர் நல்லவராகிவிட மாட்டார். ஆனால் பதிவு இல்லாதவரைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு வேலையாகிவிடும்.

முன்பணத்தைக் குறைவாகக் கொடுங்கள். மீதியை முடிந்த வேலைக்கு மட்டும், கட்டம் கட்டமாகக் கொடுங்கள். என்ன சிமெண்ட், என்ன கம்பி, எத்தனை நாள் என்பதைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மாமன் மகனாக இருந்தாலும் சரி. ஏமாந்துவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். மனுக் கட்டணம் 5 வெள்ளி. பொதுவாக வழக்கறிஞர் வைத்து வாதாட இடமில்லை. மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். போகும்போது ஒப்பந்தமும் ரசீதும் படங்களும் கையில் இருக்கட்டும்.