மின்னஞ்சல் வழி மோசடி: அறிகுறிகளும் தடுப்பு முறைகளும்

நம்பத்தக்க ஒரு நிறுவனத்தின் பெயரைப் பூண்டு மின்னஞ்சல் அனுப்பி, பெறுவோரின் கடவுச்சொல்லையோ, வங்கிக் கணக்கு விவரங்களையோ கவர்ந்துகொள்ளும் மோசடிக்கு ஆங்கிலத்தில் ‘ஃபிஷிங்’ என்று பெயர். மீன் பிடித்தலைக் குறிக்கும் சொல்லின் எழுத்தைச் சற்றே மாற்றி அமைத்த பெயர் இது. தூண்டிலில் இரை இருப்பதுபோல் இம்மடல்களில் ஆசையோ அச்சமோ இருக்கும். வருமான வரி திரும்பக் கிடைக்கும் என்பது ஆசை. கணக்கு இன்றிரவு முடக்கப்படும் என்பது அச்சம்.

ஒரு சிறு மடலால் விளையும் கேட்டிற்கு வங்காள தேசத்து மத்திய வங்கியில் நிகழ்ந்தது தக்க உதாரணமாகும். 2015 ஜனவரியில், வேலை தேடுபவர் எழுதியதுபோல் அமைந்த மடல்கள் அவ்வங்கியின் ஊழியர் சிலருக்கு வந்தன. தன்விவரக் குறிப்பைக் காண்பதற்கென ஓர் இணைப்பு அவற்றில் இருந்தது. அதன் வழியே வங்கியின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் ஓராண்டு காலம் காத்திருந்தனர். 2016 பிப்ரவரியில், நியூயார்க் பெடரல் ரிசர்வ் வங்கியிலிருந்த கணக்கிலிருந்து ஏறத்தாழ 95 கோடி டாலரை மாற்றுமாறு 35 போலிக் கட்டளைகளைப் பிறப்பித்தனர். பெரும்பாலானவை தடுக்கப்பட்டன, எனினும் 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸ் நாட்டிற்குச் சென்றுவிட்டது.

மோசடி எவ்வாறு இயலுகிறது?

மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் அடிப்படை விதிமுறை 1982-ல் வகுக்கப்பட்டது. அனுப்புபவர் தம் பெயரெனக் கூறுவது உண்மைதானா என்று சோதிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. தபால் உறையின் பின்புறத்தில் எவரும் எவருடைய பெயரையும் எழுதிவிடலாம் அன்றோ? அதுபோன்றதே இதுவும். பிற்காலத்தில் சோதனை முறைகள் பல சேர்க்கப்பட்டுள்ளன. ஆயினும் எல்லாப் போலி மடல்களையும் அவை தடுத்துவிடுவதில்லை. இலச்சினையையும் கையொப்பத்தையும் நகலெடுப்பது மிக எளிது. ஆதலின் மடலின் தோற்றம் எதற்கும் சான்றாகாது. இப்பாடத்தின் சாரம் இதுவே.

எழுத்துப் பிழைகளைக் கொண்டு போலி மடலை அறியலாம் என்று முன்னர்க் கற்பிக்கப்பட்டது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பிழையற்ற நடையில் எழுதித்தரும் இக்காலத்தில் அவ்விதி போதாது.

முகவரியை வாசிக்கும் முறை

தபால் முகவரியில் ஊரும் மாவட்டமும் இறுதியில் வருவதுபோல், இணைய முகவரியிலும் உரிமையாளரைக் காட்டும் பகுதி இறுதியிலேயே உள்ளது. இரட்டைச் சாய்கோட்டிற்குப் பின் தொடங்கி, அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோடு வரையுள்ள பகுதியை எடுத்துக்கொண்டு, அதனை வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். வருமான வரித் துறையின் முகவரி ‘இன்கம்டாக்ஸ்.கவ்.இன்’ என முடியும். அதே சொற்கள் முன்னே நின்று, பின்னே வேறொரு பெயரும் ‘காம்’ என்பதும் தொடருமாயின், அத்தளம் அப்பின்வந்த பெயருக்கு உரியவருடையதே, துறையினுடையது அன்று.

இந்திய வங்கிகள் தம் இணையதளங்களை 2025 அக்டோபர் 31-ஆம் தேதிக்குள் ‘பேங்க்.இன்’ என முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டுமென ரிசர்வ் வங்கி அவ்வாண்டு ஏப்ரலில் கட்டளையிட்டது. போலிகளைப் பிரித்தறிய இம்முடிவு பெரிதும் உதவும்.

எழுத்துக்களின் ஒப்புமையும் கவனிக்கத்தக்கது. ஆங்கிலச் சிற்றெழுத்துக்களில் ‘ஆர்’, ‘என்’ இரண்டும் அடுத்தடுத்து நின்றால் ‘எம்’ போலவே தோன்றும். ‘ஓ’ இருக்கவேண்டிய இடத்தில் பூஜ்யம் நிற்கலாம். முகவரிக்கு அருகில் சில உலாவிகள் காட்டும் பூட்டுக் குறியோ, செய்தி வழியில் பிறரால் படிக்கப்படாது என்பதை மட்டுமே உணர்த்தும். தளத்தை நடத்துபவரின் நேர்மைக்கு அது உறுதி அளிப்பதில்லை.

கணினியில் இணைப்பின்மீது சுட்டியை நிறுத்தினால், அழுத்தாமலேயே உண்மை முகவரி திரையின் அடியில் தோன்றும். ஐயத்திற்கிடமான இணைப்பை அழுத்திப் பார்த்துச் சோதிக்கலாகாது.

தடுப்பு முறைகள்

1. மடலில் உள்ள இணைப்பையோ தொலைபேசி எண்ணையோ பயன்படுத்தாமல், முன்பே அறிந்த முகவரி அல்லது எண் வழியாகவே விசாரிக்க வேண்டும். மேலதிகாரியின் பெயரில் அவசரமாகப் பணமோ பட்டியலோ கேட்டு மடல் வந்தாலும், அவருடனேயே பேசி உறுதி செய்துகொள்வது மரியாதைக் குறைவு ஆகாது.

2. கடவுச்சொல், ரகசிய எண், ஓ.டி.பி. ஆகியவற்றை எவருக்கும் தெரிவிக்கலாகாது. போலித் தளத்தில் இடப்படும் ஓ.டி.பி. அக்கணமே உண்மைத் தளத்தில் மோசக்காரரால் உபயோகிக்கப்படக்கூடும்.

3. ஒவ்வொரு கணக்கிற்கும் தனித்தனிக் கடவுச்சொல் வேண்டும். உலாவி சேமித்துவைத்துள்ள கடவுச்சொல்லை வழக்கம்போல் தானே நிரப்பாவிடில், தளம் போலியோ என்று ஐயுற வேண்டும்.

4. எதிர்பாராது வந்த கோப்புகளைத் திறக்கலாகாது.

தவறு நேர்ந்தபின்

ஏமாந்ததை வெட்கத்தால் மறைப்பதே பெருநஷ்டத்திற்குக் காரணமாகிறது. உடனே வங்கிக்கு அறிவித்து, 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைக்க வேண்டும், ‘சைபர்கிரைம்.கவ்.இன்’ என்ற தளத்திலும் புகார் பதியலாம். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த நஷ்டம், அவர் வங்கிக்கு அறிவிக்கும் வரையில் அவரையே சாரும் என்றும், அறிவித்தபின் நேரும் நஷ்டம் வங்கியைச் சாரும் என்றும் ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விதி வகுத்தது. தாமதத்தின் விலையை இவ்விதி தெளிவாக்குகிறது. கடவுச்சொல்லை வேறொரு கருவியிலிருந்து மாற்றிவிட வேண்டும். மடலை அழித்துவிடாமல் சான்றாக வைத்திருப்பதோடு, சக ஊழியர்களையும் எச்சரிக்க வேண்டும்.

செய்முறைப் பயிற்சி

ஆசிரியர் கரும்பலகையில் ஐந்து முகவரிகளை எழுதி, ஒவ்வொன்றின் உரிமையாளர் யாரென மாணாக்கரைக் கொண்டு வலமிருந்து இடமாக வாசிக்கச் செய்யலாம். கள ஊழியர் கிராமக் கூட்டங்களில், போலி மடல் ஒன்றின் அச்சுப் பிரதியைக் காட்டி, அதில் ஆசை எது, அச்சம் எது, அவசரம் எது என்று கேட்கலாம். முகவரியை வாசிக்கக் கற்ற ஒரு மாணவி, அன்று மாலையே தன் வீட்டாருக்கும் அதைக் கற்பித்துவிடுவாள்.