வாசலுக்கு வெளியே ஒரு தொலைபேசி

புதிய கருவி ஒன்று வீட்டிற்குள் வரும்போது பொதுவாக இரண்டு கேள்விகளே எழுகின்றன. அதன் விலை என்ன? அதனால் விளையும் பயன் என்ன? இவ்விரண்டிற்கும் மனம் ஏற்கும் விடை கிடைத்துவிட்டால் கருவி வீட்டிற்குள் வந்து தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மூன்றாவதாக ஒரு கேள்வியும் உண்டு. 'இக்கருவி இந்த வீட்டில் வாழ்பவர்களை ஒருவரோடொருவர் நெருங்கச் செய்யுமா, விலகச் செய்யுமா?' என்பது அது. பெரும்பாலோர் இதைக் கேட்பதில்லை. கேட்பவர்களும் கருவி வந்து பல ஆண்டுகள் கழிந்த பிறகு, பிள்ளைகள் தத்தம் திரையோடு தனித்து அமர்ந்துவிட்ட பிறகே கேட்கின்றனர்.

இந்த மூன்றாவது கேள்வியை நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இடைவிடாது கேட்டுவரும் ஒரு கிறிஸ்தவ சமூகம் அமெரிக்காவில் உள்ளது. அவர்கள் ஆமிஷ் எனப்படுவோர். குதிரை வண்டியும் எளிய கறுப்பு உடையும் கொண்ட பழமைவாதிகள் என்றே உலகம் அவர்களை அறிந்திருக்கிறது. ஆனால் தொலைபேசியை அவர்கள் கையாண்ட விதம் எந்தச் சமயத்தைச் சார்ந்த இல்லறத்தாரும் ஆராய்ந்து பயன்பெறத் தக்கது.

யார் இந்த ஆமிஷ் மக்கள்?

1525-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் சிலர், அறியாப் பருவத்தில் குழந்தைக்கு அளிக்கப்படும் ஞானஸ்நானம் போதாது, விவரம் அறிந்த வயதில் ஒருவன் தானாக விரும்பி அதை ஏற்க வேண்டும் என்று கூறினர். அக்காலத்து அரசுகளும் திருச்சபைகளும் அவர்களைக் கடுமையாகத் தண்டித்தன. நீரில் மூழ்கடிக்கப்பட்டும் எரிக்கப்பட்டும் பலர் உயிர்நீத்தனர். அந்த மரபிலிருந்து 1693-இல் ஜேக்கப் அம்மான் என்ற சமயத் தலைவரின் வழியில் பிரிந்தவர்களே ஆமிஷ் மக்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அவர்கள் சமயச் சுதந்திரத்தை நாடி அமெரிக்காவின் பென்சில்வேனியாவிற்குக் குடியேறத் தொடங்கினர். இன்று வட அமெரிக்காவில் அவர்களது மக்கள்தொகை சுமார் 4 லட்சம். பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் மாவட்டம் அவர்களது பழமையான பெரிய குடியிருப்புகளுள் ஒன்று.

ஆலயக் கட்டடம் என்று எதையும் அவர்கள் எழுப்புவதில்லை. ஏறத்தாழ இருபது முதல் நாற்பது குடும்பங்கள் சேர்ந்து ஒரு சபை வட்டமாக அமைகின்றன. இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமையில், ஏதேனும் ஒரு குடும்பத்தின் இல்லத்தில் அனைவரும் கூடி வழிபடுகின்றனர். பின்னர் ஒன்றாக உணவருந்துகின்றனர். வழிபாடு இல்லாத ஞாயிறுகளில் உற்றார் உறவினரைக் காணச் செல்கின்றனர். வீடே அவர்களுக்குக் கோயில். எனவே வீட்டிற்குள் எது வரலாம் என்ற கேள்வி அவர்களுக்கு வசதியைப் பற்றிய கேள்வியாக மட்டும் இருக்க முடியாது; அது வழிபாட்டைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

அவர்களது வாழ்வின் மையமாக விளங்கும் சொல் 'கெலாசன்ஹைட்' என்பது. இறைவனின் சித்தத்திற்கும் சபையின் நலத்திற்கும் தன் விருப்பத்தை விட்டுக்கொடுத்து அடங்கி அமையும் பண்பையே இந்த ஜெர்மானியச் சொல் குறிக்கிறது. உலகத்தின் போக்கிற்கேற்ப உங்களை வடிவமைத்துக்கொள்ளாதீர்கள் என்ற கருத்தில் புனித பவுல் ரோமருக்கு எழுதிய அறிவுரையை அவர்கள் அன்றாட வாழ்வின் விதியாகவே ஏற்றுள்ளனர்.

வீட்டிற்குள் வந்த குரல்

அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றது 1876-இல். அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் அது லான்காஸ்டரின் கிராமப்புறங்களையும் எட்டிவிட்டது. ஆமிஷ் குடும்பங்கள் சிலவும் அதைத் தங்கள் வீடுகளில் பொருத்திக்கொண்டன. தொடக்கத்தில் அதை எவரும் தடுக்கவில்லை.

அக்காலத்துக் கிராமத் தொலைபேசியில் பல வீடுகள் ஒரே கம்பியில் இணைக்கப்பட்டிருந்தன. ஒருவர் பேசுவதை மற்றொருவர் தம் வீட்டிலிருந்தே கேட்க முடியும். அவர்களிடையே செவிவழியாக வழங்கிவரும் செய்தி ஒன்று உண்டு. இரண்டு பெண்கள் தொலைபேசியில் மூன்றாவது பெண் ஒருத்தியைப் பற்றிக் குறைகூறிப் பேசிக்கொண்டிருந்தனர். அப்பெண்ணின் வீட்டிலும் தொலைபேசி இருந்தது. அவள் அனைத்தையும் கேட்டுவிட்டாள். மனக்கசப்பு வளர்ந்து சபையின் முன் வந்தது. இக்கருவி இவ்வாறுதான் பயன்படப் போகிறது என்றால் அது நம்மிடம் இல்லாதிருப்பதே நல்லது என்ற முடிவிற்குச் சபைப் பெரியோர் வந்தனர்.

புறங்கூறுதல் தொலைபேசியால் பிறந்த தீமை அன்று. வேலியோரத்திலும் கிணற்றடியிலும் அது என்றும் இருந்ததுதான். ஆயினும் நேரில் பேசும்போது எதிரே ஒரு முகம் இருக்கிறது. அந்த முகம் வாடினால் பேசுபவரின் நாக்கு சற்றே தயங்குகிறது. முகத்தை நீக்கிவிட்டுக் குரலை மட்டும் அனுப்பும் கருவி, அந்தத் தயக்கத்தையும் சேர்த்தே நீக்கிவிடுகிறது. அப்பெரியோர் இதை உணர்ந்துகொண்டனர்.

முடிவு எளிதாக ஏற்கப்படவில்லை. 1910-ஆம் ஆண்டை ஒட்டி லான்காஸ்டர் ஆமிஷ் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் பிரிந்து சென்றனர். பிரிவிற்கு வேறு காரணங்களும் இருந்தன. தொலைபேசியும் அவற்றுள் ஒன்று. ஒரு கருவியை வீட்டில் வைக்கலாமா என்ற கேள்வி உடன்பிறந்தோரைப் பிரிக்கும் அளவிற்குச் சென்றது என்பதிலிருந்தே அக்கேள்வியின் ஆழம் விளங்கும்.

இடைவெளி என்னும் தீர்வு

கதை அத்துடன் முடிந்திருந்தால் அது வெறும் மறுப்பின் கதையாகவே இருந்திருக்கும். ஆனால் நோயுற்ற பிள்ளைக்கு மருத்துவரை அழைக்க வேண்டும். தீப்பிடித்தால் உதவி கோர வேண்டும். 1930-களின் நடுவில் சில குடும்பங்கள் தங்களுக்குப் பொதுவாக ஒரு தொலைபேசி தேவை என்று சபையிடம் விண்ணப்பித்தன. நெடிய சிந்தனைக்குப் பின் அனுமதி கிடைத்தது. தொலைபேசி வீட்டிற்குள் இருக்கக் கூடாது; பல குடும்பங்களுக்கும் பொதுவாக வெளியே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இன்றும் லான்காஸ்டர் பகுதியில் வயலோரத்திலோ, பாதை முடியும் இடத்திலோ, கொட்டிலுக்கு அருகிலோ சிறிய மரக்கூண்டுகளைக் காணலாம். தொலைபேசி அதற்குள் இருக்கிறது. பேச வேண்டியவர் வேலையை நிறுத்திவிட்டு, மழையாயினும் பனியாயினும் நடந்து சென்று, பேச வேண்டியதைப் பேசிவிட்டுத் திரும்ப வேண்டும். உணவு வேளையில் அது ஒலித்தாலும் வீட்டிற்குள் கேட்பதில்லை. தாய் பிள்ளைக்குச் சோறூட்டுவதையோ, தந்தை விவிலியம் வாசிப்பதையோ அதனால் இடைமறிக்க இயலாது. மனிதன் தன் தேவைக்காகக் கருவியிடம் செல்கிறான். கருவி அவனைத் தேடி வருவதில்லை.

தொலைபேசியைத் தீயது என்று அவர்கள் கருதியிருந்தால் முற்றிலும் ஒழித்திருப்பார்கள். முற்றிலும் நல்லது என்று கருதியிருந்தால் அறைதோறும் வைத்திருப்பார்கள். அதற்குரிய இடம் எது என்று தேடி, இடையில் சில நூறு அடி தூரத்தை வைத்தார்கள். அந்த நடைதூரத்தில்தான் விவேகம் வாழ்கிறது. நடக்கும்போது மனம் ஒருமுறையேனும் கேட்டுவிடும்: 'இப்போது பேசத்தான் வேண்டுமா?'

கூடி ஆராய்தல்

ஆமிஷ் மக்களின் வாழ்க்கை ஒழுங்கு 'ஓர்ட்னுங்' எனப்படுகிறது. இதன் பெரும்பகுதி ஏட்டில் எழுதப்படாதது, வழக்கத்தால் நிலைபெற்றது. ஆண்டிற்கு இருமுறை, திருவிருந்து வழிபாட்டிற்கு முன்னர் சபையினர் கூடி இவ்வொழுங்கைப் பற்றித் தங்கள் மனத்தை ஒருமைப்படுத்திக்கொள்கின்றனர். எவருக்கேனும் மற்றவரோடு பகை இருந்தால் அதுவும் அப்போது தீர்க்கப்பட வேண்டும். கருவியைப் பற்றிய ஆய்வும் உறவைச் செம்மைப்படுத்துவதும் ஒரே கூட்டத்தின் இரு பணிகளாக அமைந்திருப்பது கருத்தூன்றி நோக்கத்தக்கது.

வெளியிலிருந்து பார்ப்போருக்கு அவர்களது விதிகள் முரண்பாடாகத் தோன்றலாம். லான்காஸ்டரில் டிராக்டரின் ஆற்றலைக் கொட்டிலருகே பயன்படுத்துவர். வயலை உழுவதற்குக் குதிரைகளையே நாடுவர். பொது மின்கம்பியிலிருந்து மின்சாரம் பெறமாட்டார்கள். மின்கலத்தையும் அழுத்தப்பட்ட காற்றால் இயங்கும் கருவிகளையும் பயன்படுத்துவர். காரைச் சொந்தமாக வைத்திருக்க மாட்டார்கள். தேவை ஏற்படும்போது பிறர் ஓட்டும் காரில் பயணம் செய்வர். ஒவ்வொன்றின் பின்னும் அதே மூன்றாவது கேள்வி நிற்கிறது. சொந்தக் கார் இளைஞனை ஊரைவிட்டு நெடுந்தொலைவு இழுத்துச் செல்லும்; குதிரை வண்டி செல்லும் தொலைவிற்குள் சுற்றம் அமைந்துவிடும்.

விலையும் வேதனையும்

இந்த வாழ்க்கைக்கு விலை உண்டு. ஆமிஷ் பிள்ளைகளின் பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு முடிகிறது. அதற்குமேல் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அவர்களது சமய உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972-இல் ஏற்றது. எனினும், மேலே படிக்க விரும்பும் பிள்ளையின் உரிமை என்னவாகும் என்ற கேள்வி இன்றும் எழுப்பப்படுகிறது. ஞானஸ்நானம் பெற்ற பின் சபையை விட்டு விலகுபவர் சமூகத்தால் ஒதுக்கி வைக்கப்படுகிறார். பெற்றோருடன் ஒரே மேசையில் அமர்ந்து உண்ண முடியாத நிலைகூட அவருக்கு ஏற்படலாம். குடும்பத்தைக் காப்பதற்காக ஏற்பட்ட ஒழுங்கே சில குடும்பங்களில் ஆறாத புண்ணாகிவிடுகிறது. இதை மறைத்து அவர்களைப் புகழ்வது உண்மையாகாது.

இன்னொரு சோதனையும் வந்துவிட்டது. மரக்கூண்டு கம்பியில்லாக் கருவிக்கு ஈடுகொடுக்கவில்லை. கைப்பேசி சட்டைப் பையில் அடங்கிவிடுகிறது. வயலோரத்தில் அதை நிறுத்திவிட்டு வர முடியாது. கட்டட வேலைக்கும் வணிகத்திற்கும் வெளியே செல்லும் ஆமிஷ் ஆடவர் பலர் இன்று அதைப் பயன்படுத்துகின்றனர். சில சபை வட்டங்கள் அதைத் தொழிலுக்கு மட்டும் பொறுத்துக்கொள்கின்றன, சில மறுக்கின்றன. தூரத்தைப் புறத்தே வைக்க முடியாதபோது அகத்தே வைக்க வேண்டியிருக்கிறது. அது கடினமானது. இந்த இடத்தில் ஆமிஷ் தந்தையும் பெருநகர அடுக்குமாடியில் வாழும் தந்தையும் ஒரே நிலையில் நிற்கின்றனர்.

நேரில் சென்ற மாலை

2006-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் லான்காஸ்டர் மாவட்டத்தின் நிக்கல் மைன்ஸ் என்ற சிற்றூரில், ஒரே அறை கொண்ட ஆமிஷ் பள்ளிக்குள் துப்பாக்கியுடன் ஒருவர் நுழைந்தார். அவர் ஆமிஷ் அல்லாத, அப்பகுதியைச் சேர்ந்த மனிதர். பத்துச் சிறுமிகளைச் சுட்டுவிட்டுத் தம்மையும் மாய்த்துக்கொண்டார். சிறுமிகளுள் ஐவர் இறந்தனர்.

ஆபத்தை உணர்ந்து வெளியேறிய இளம் ஆசிரியை அருகிலுள்ள பண்ணைக்கு ஓடினார். அங்கிருந்துதான் காவல்துறைக்குத் தொலைபேசி அழைப்பு சென்றது. தூரத்தில் வைக்கப்பட்ட கருவி அன்று அழைக்கப்பட்டது. தன் பணியைச் செய்தது. ஓட வேண்டியிருந்த அந்தத் தூரமும் மறக்கக் கூடாத உண்மையே.

அன்று மாலையே ஆமிஷ் மக்கள் சிலர் கொலையாளியின் குடும்பத்தாரைத் தேடிச் சென்றனர். அவர்மீதும் அவர் குடும்பத்தார்மீதும் தங்களுக்குப் பகை இல்லை, மன்னித்துவிட்டோம் என்று தெரிவித்தனர். சில நாட்களுக்குப் பின் நடந்த அவரது இறுதிச் சடங்கில் கலந்துகொண்டோரில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆமிஷ் மக்களே. தம் பெண்களை அடக்கம் செய்த கைகளின் ஈரம் உலராத பெற்றோரும் அவர்களுள் இருந்தனர்.

இந்த மன்னிப்பு அவர்களது விசுவாசத்தின் கனி. கருவியை விலக்கியதால் மட்டும் விளைந்தது என்று கூறுவது மிகையாகும். ஆயினும் ஒன்றைக் கூறலாம். துயர் நேர்ந்த வீட்டின் வாசலுக்கு நடந்து செல்வது அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழகிய செயல். மிகக் கடினமான மாலையிலும் கால்கள் அந்த வழியை மறக்கவில்லை.

இல்லறத்தார்க்கு

அனைவரும் ஆமிஷ் மக்களைப்போல் வாழ இயலாது. வாழவேண்டும் என்பதும் இல்லை. 2025-இல் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2019 டிசம்பர் 29 அன்று திருக்குடும்ப விழாவின்போது ஆற்றிய உரையில், உணவு மேசையில் ஒவ்வொருவரும் கைப்பேசியோடு இருக்க, ஆலய வழிபாட்டில் இருப்பதுபோன்ற மௌனம் நிலவும் குடும்பங்களைப் பற்றிக் கவலையோடு பேசினார். நாசரேத்தில் இயேசுவும் மரியாளும் யோசேப்பும் ஜெபித்தனர், உழைத்தனர், ஒருவரோடொருவர் பேசினர் என்பதை நினைவூட்டினார். குடும்ப உரையாடலை மீண்டும் தொடங்குங்கள் என்பதே அவரது வேண்டுகோள்.

அதற்கு ஒரு மரக்கூண்டு போதும். அது மரத்தால் ஆனதாக இருக்க வேண்டியதில்லை. வாசலருகே ஓர் அலமாரி, சமையலறையில் ஒரு தட்டு, இரவில் படுக்கையறைக்கு வெளியே ஓர் இடம், எதுவாயினும் சரி. ஆனால் அந்த இடத்தை வீட்டிலுள்ளோர் அனைவரும் கூடி முடிவு செய்ய வேண்டும். முடிவு தந்தைக்கும் பொருந்த வேண்டும். பிள்ளைகளின் கையிலிருந்து பிடுங்கிவிட்டுத் தன் கையில் வைத்துக்கொள்பவரின் சொல் வீட்டில் நிலைக்காது.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. வீட்டில் கடைசியாக வாங்கிய கருவியைப் பற்றி முடிவெடுக்கும்போது மூன்றாவது கேள்வி கேட்கப்பட்டதா?

2. வீட்டில் எந்த நேரம், எந்த இடம் கருவியின் அழைப்பு எட்டாததாக இருக்கிறது?

3. முகத்திற்கு நேரே சொல்லத் தயங்கும் எந்தச் சொற்கள் கருவியின் வழியே எளிதாகச் சொல்லப்படுகின்றன?

4. நேரில் சென்று காண வேண்டிய எவர், செய்தி அனுப்பியதோடு மறக்கப்பட்டிருக்கிறார்? அவரது வீட்டிற்குச் செல்லும் வழி கால்களுக்கு இன்னும் நினைவிருக்கிறதா?