கண்காட்சியில் கடை போடப் போகிறீர்களா?

விலையை வீட்டிலேயே முடிவு செய்து, ஒவ்வொரு பொருளிலும் சீட்டு கட்டிவிடுங்கள். ஒரு பனையோலைக் கூடைக்கு ஓலையும் சாயமும் 60 ரூபாய், பின்ன 3 மணி நேரம் என்று வையுங்கள். மணிக்கு 80 ரூபாய் போட்டாலே கூலி 240. கடை வாடகை 3,000 ரூபாய், 100 பொருள் விற்கும் என்றால் ஒவ்வொன்றின் தலையிலும் 30 ரூபாய் ஏறும். ஆக அடக்கமே 330. இதைக் கணக்கிடாமல் 250-க்குக் கொடுத்துவிட்டு, "நல்ல வியாபாரம்" என்று வீடு திரும்பும் பெண்களைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது. உங்கள் கூலியை நீங்களே விட்டுக்கொடுக்காதீர்கள். பேரம் பேசுபவர்களுக்கு இரண்டு வாங்கினால் சிறு தள்ளுபடி தரலாம்.

எல்லாவற்றையும் மேசையில் பரப்பாதீர்கள். பெரிய கூடைகளைப் பின்னால் உயரத்திலும், 50, 100 ரூபாய் கிலுகிலுப்பை, சிமிழ்களை முன்னாலும் வையுங்கள். முக்கியமாக, கடையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டே இருங்கள். கை வேலை செய்வதைப் பார்த்தால் ஆட்கள் நிற்பார்கள். விலைக்கான காரணமும் தானாகப் புரியும்.

10, 20 ரூபாய் சில்லறை நிறைய வேண்டும். க்யூஆர் அட்டையைப் பெரிதாக அச்சிட்டு வைத்தாலும், பணம் வந்த குறுஞ்செய்தியைப் பார்த்த பிறகே பொருளைக் கொடுங்கள்.

ஓலைப் பொருட்களை ஈரம் போகக் காயவைத்துக் கட்டுங்கள், இல்லையேல் பூஞ்சணம் பிடிக்கும். ஆர்டர் எழுத ஒரு நோட்டும் பேனாவும் கையோடு இருக்கட்டும். கொலு, கல்யாணத் தாம்பூலப் பைக்கான மொத்த ஆர்டர்கள் பெரும்பாலும் கடை கட்டும் நேரத்தில்தான் வரும்.