மீன் அறியும் முகம்

உணவிடுபவர் அருகில் வந்ததும் தொட்டி மீன்கள் கண்ணாடியை நோக்கித் திரள்வதைப் பல வீடுகளில் காணலாம். புதியவர் வந்தால் அவை ஒதுங்குவதும் உண்டு. இஃது அன்பா, பசியா?

பசியே தொடக்கம். கார்ல் வான் ஃபிரிஷ் என்னும் விலங்கியலாளர், பார்வையற்ற கெளுத்தி மீன் ஒன்றுக்கு உணவிடும்போதெல்லாம் சீழ்க்கை ஒலித்துப் பழக்கினார். பின்னர் ஒலி கேட்ட அளவிலேயே அது மறைவிடத்தை விட்டு வெளிவந்தது. 1923இல் அவர் இதனை எழுதியபோது, மீன்களுக்குச் செவிப்புலனே இல்லை என்று சாதித்தோர் பலர்!

ஒலியை அறிவது வேறு; முகத்தை அறிவது வேறு. கண், மூக்கு, வாய் என எல்லா மனித முகங்களுக்கும் அமைப்பு ஒன்றே. அவற்றைப் பிரித்தறியும் நம் மூளையின் புதுப்புறணி மீனுக்கு இல்லை. எனினும், நீரைப் பீய்ச்சிப் பூச்சியை வீழ்த்தும் வில்லாளி மீனை ஆக்ஸ்ஃபோர்டு, குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தனர். தொட்டிக்கு மேலே திரையில் இரண்டு முகங்கள் தோன்றும். பழகிய முகத்தின்மீது நீரைப் பீய்ச்சினால் இரை கிடைக்கும். 44 புதிய முகங்களோடு மாற்றி மாற்றிக் காட்டியபோதும், அம்மீன்கள் பழகிய முகத்தையே பெரும்பாலும் தேர்ந்தன. நிறத்தையும் தலையின் வடிவ வேறுபாட்டையும் நீக்கிய பின்னரும் அத்திறன் குன்றவில்லை. இவ்வாய்வு 2016இல் வெளிவந்தது.

வளர்ப்பு மீன் நம் முகத்தைத்தான் பார்க்கிறது என்று இதனால் முடிவு கட்டலாகாது. மத்தியதரைக் கடலில் தாமே திரியும் மீன்கள், தமக்கு இரையளித்த முக்குளிப்பாளரை இனங்கண்டு பின்தொடர்ந்தன என்று 2025இல் வெளியான ஆய்வு கூறுகிறது. இரையளித்தவரும் மற்றவரும் ஒரே வகை உடை அணிந்து இறங்கியதும், அவை இருவரையும் வேறுபடுத்தவில்லை.