மான் தலைக்குள்ள பஞ்சு கிடையாது

பழைய ஜமீன்தார் படங்களில் வில்லன் வீட்டுச் சுவரில் ஒரு மான் தலை மாட்டியிருக்கும், ஞாபகம் இருக்கா? அதுக்குள்ள என்ன இருக்கும்னு கேட்டா எல்லாரும் பஞ்சு, வைக்கோல்னுதான் சொல்றாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். இன்றைக்குச் செய்யும் மான் தலைக்குள் இருப்பது பாலியூரித்தேன் ஃபோம். மான் தலை, கழுத்து வடிவத்தில் வார்த்த ஃபோமின் மேல் பதப்படுத்திய தோலைப் போர்த்தி ஒட்டுகிறார்கள். கண் கண்ணாடி. தோலும், மண்டையோட்டின் சின்னத் துண்டோடு இருக்கும் கொம்பும் மட்டும்தான் அசல். இந்த வேலைக்குப் பெயர் டாக்ஸிடெர்மி.

முதலில் சட்டம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே மானை வேட்டையாடுவது குற்றம். ரோட்டில் அடிபட்டுச் செத்த மான்கூட அரசு சொத்துதான். தோலையோ கொம்பையோ வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தா கேஸ். விளையாட்டு இல்லை. ஆனா அமெரிக்காவில் வெள்ளைவால் மானை லைசன்ஸ் வாங்கி சீசனில் வேட்டையாடலாம். அங்கே கார் ஷெட்டிலேயே இதைப் பழகுகிறவர்கள் உண்டு. எம்.எஸ். படிக்கப் போகிறவர்கள் அங்கே இதை நேரிலேயே பார்க்கலாம்.

புதுசா ஆரம்பிக்கிறவங்க பெரும்பாலும் தோற்பது ஒட்டும்போது இல்லை, அதுக்கு ரொம்ப முன்னாடியே. எங்க ஊர் வாணியம்பாடி. தோல் ஷாப்பில் சுண்ணாம்பு போடுவதே முடி கழன்று வருவதற்குத்தான். இங்கே கதை தலைகீழ்: ஒரு முடிகூடக் கழலக் கூடாது. மான் செத்த உடனே பாக்டீரியா வேலையை ஆரம்பிச்சுடும். முடியின் வேர் அழுகினால் தோல் திட்டுத் திட்டாக மொட்டையாகிவிடும். அப்புறம் எந்தக் கெமிக்கலும் அதைத் திருப்பித் தராது. அதனால் உடலைச் சீக்கிரம் குளிர வைக்கணும், தோலைச் சீக்கிரம் உரிக்கணும். உரிக்கும்போது கழுத்தோடு வெட்டிடாதீங்க. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி வெட்டணும். குட்டையா வெட்டின தோலை இழுத்து நீளமாக்க முடியாது.

அடுத்து தோலின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சதை, கொழுப்பு எல்லாத்தையும் சுரண்டி எடுக்கணும். உதடு, இமை, மூக்கு இந்த மூணு இடத்திலும் தோல் தடிமனா இருக்கும். அங்கே உள்பக்கம் கத்தியால் பிளந்து விரிக்கணும். காதை உள்ளே வெளியே திருப்பி, குருத்தெலும்பைப் பிரிக்கணும். பொறுமை சோதிக்கிற கட்டம் இதுதான். உப்பு நுழையாத இடத்தில்தான் முடி கழலும். பொடி உப்பை அழுத்தித் தேய்த்து, ஒரு நாள் கழித்து நீர் விட்ட உப்பை உதறிட்டு, புது உப்பு போடணும். கல் உப்பு வேண்டாம், அது இடுக்குகளில் ஒட்டாது.

பிறகு பிக்கிள். நம்ம ஊறுகாய் மாதிரியேதான், உப்பும் அமிலமும் கலந்த தண்ணீர். பிஹெச் 2-ஐ ஒட்டி இருக்கும். உப்பு இல்லாமல் வெறும் அமிலத்தில் போட்டா தோல் உப்பிவிடும். சில நாள் ஊறியதும் எடுத்து இன்னும் மெலிசா சீவி, சமையல் சோடா கரைசலில் அமிலத்தை முறித்து, டேனிங் ஏஜென்ட் தடவணும்.

ஃபோம் வாங்க இரண்டு அளவு முக்கியம்: கண்ணின் முன்மூலையிலிருந்து மூக்கு நுனி வரை, காதுக்குக் கீழே கழுத்துச் சுற்றளவு. 7 அங்குலம், 18 அங்குலம் என்று சொன்னால் கடைக்காரருக்குப் புரிந்துவிடும். தோல் உரித்த உடலில்தான் அளக்கணும். முடியோடு அளந்தா கழுத்து எருமை மாதிரி வந்துடும்.

கண் வைக்கும்போது ஒரு விஷயம். மானின் கருவிழித் துளை கிடைமட்டமான பட்டை. தலை கொஞ்சம் மேலே கீழே சாய்ந்தாலும் அது தரைக்கு இணையாகவே நிற்கும். இதை விட்டுட்டா மான் முழிக்கிற முழி சரியாவே இருக்காது.

கையுறை கட்டாயம். அங்குள்ள மான்களில் மூளையைத் தாக்கும் ஒரு பிரியான் நோய் பரவுகிறது. அதனால் சில மாநிலங்களில் தலையை எல்லை தாண்டி எடுத்துப் போகக் கட்டுப்பாடு உண்டு. பழைய காலத்து மான் தலையை வெறும் கையால் தடவாதீங்க, அதில் ஆர்சனிக் இருக்கலாம்.

சிவில் மக்களுக்கு ஒரு தகவல். டனல் சுவரில் அடிக்கும் ஷாட்கிரீட்டுக்கு மூலமான சிமெண்ட் கன்னை உருவாக்கி 1911-இல் காப்புரிமை வாங்கியவர் கார்ல் ஏக்லி. அவர் ஒரு டாக்ஸிடெர்மிஸ்ட்! அவர் செய்த நாலு பருவத்து மான் காட்சிகள் இன்னும் சிகாகோ ஃபீல்ட் மியூசியத்தில் இருக்கு.

இங்கே பழகணும்னா ஆட்டுத் தலை போதும். கறிக்கடையில் வழக்கமா தீயில் வாட்டித்தான் கொடுப்பாங்க, "வாட்டாம கொடுங்கண்ணா"ன்னு முதலிலேயே சொல்லிடணும். நான் காலையில் வாங்கி, "சாயங்காலம் பார்த்துக்கலாம்"னு பையிலேயே வச்சுட்டு லேபுக்குப் போயிட்டேன். மே மாசம். ராத்திரி உப்பு போட்டேன். மறுநாள் காதடியில் லேசா இழுத்தேன், ஒரு கொத்து முடி கையோட வந்துடுச்சு. மூணு மணி நேரம் உதடு பிளந்தது எல்லாம் வேஸ்ட். அம்மா கத்தினது தனிக்கதை.

இந்த ஞாயிற்றுக்கிழமை அடுத்த தலை சொல்லி வச்சிருக்கேன். இந்தத் தடவை கத்தியையும் 2 கிலோ பொடி உப்பையும் எடுத்து வச்சுட்டுத்தான் கடைக்கே போறேன்.